மகாலில் எடுத்த படம்

பொங்கல் லீவுக்கு மகள் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வந்த அன்றைக்கே பேத்தி சொன்னாள், "தாத்தா, வெள்ளிக்கிழமை மதுரை போறோம். நீங்களும் வாரீங்க. போட்டோகிராபர் புக் பண்ணியாச்சு."

வீட்டில் கல்யாணமா காதுகுத்தா, எதற்கு போட்டோகிராபர் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். சும்மா லீவுக்குப் போகிற இடத்தில் ஒரு ஆளைப் பேசி வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்வதாம். இப்போது எல்லா ஊரிலும் இது நடக்கிறதாம். செல்போனிலேயே அவர் எடுத்த பழைய படங்களைப் பார்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, இரண்டாயிரம் முன்பணம் அனுப்பி, எந்த நேரத்தில் வெயில் எப்படி விழும் என்பது வரை பேசி முடித்திருந்தார்கள். இடம், திருமலை நாயக்கர் மகால்.

"நம்ம முக்கூடல்ல எடுத்தா ஆகாதாக்கும்? தாமிரபரணியும் சிற்றாறும் சேருற இடம். பள்ளு இலக்கியமே பாடின ஊர்லே இது" என்றேன். நாற்பது வருடம் வரலாறு நடத்தியவனுக்கு இந்த வாய் போகாது. பேத்தி, "அதுவும் எடுக்கலாம் தாத்தா, சாயங்காலமா" என்று முடித்துவிட்டாள். மதுரையில் அந்த போட்டோகிராபர் தம்பியும் எந்த ஊர் என்று கேட்டு, சீவலப்பேரி என்றதும் "பாண்டி படம் வந்துச்சே, அந்த ஊரா சார்?" என்றார். 1994ல் அந்தப் படம் வந்ததிலிருந்து வெளியூரில் எங்களுக்கு வேறு அடையாளம் கிடையாது.

நான் மதுரைக்குக் கிளம்பியதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், மகாலை முதன்முதலில் படம் எடுத்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ கேப்டன். இங்கிலாந்தில் டெவன்போர்ட்டில் 1822ல் பிறந்தவர். கம்பெனி படையில் சென்னை ராஜதானிக்கு வந்தவர், விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார். 1855ல் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு போய் அந்த நாட்டைப் படம் பிடித்தார். அது பிடித்துப்போய், சென்னை அரசாங்கம் அவரையே அரசு போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, மாட்டு வண்டிகளில் பெட்டி, ரசாயனம், காகிதம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கவில்லை. இவர் இங்கே கோபுரத்துக்கு எதிரே முக்காலியை நட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

மதுரையில் மீனாட்சி கோயில், தெப்பக்குளம், மகால் எல்லாவற்றையும் எடுத்தார். விளக்குத்தூணைக்கூட விடவில்லை. கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. இன்றைக்கு அதைச் சுற்றி ஜவுளிக்கடையும் ஆட்டோவுமாக இருக்கிறது. டிரைப் படத்தில் அது தனியாக நிற்கிறது.

அவர் பெரும்பாலும் கண்ணாடித் தகடு பயன்படுத்தவில்லை. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். அதில் படம் பதிய நேரம் பிடிக்கும். மண்டபத்துக்குள்ளே என்றால் நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அதனால் நடந்து போகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். மதுரை மாதிரி ஜன நெருக்கடியான ஊர் அவர் படங்களில் ஆளரவம் இல்லாமல் கிடக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறோம் அல்லவா, ஆட்கள் இல்லாமல் இல்லை. அசைந்தவர்கள் மறைந்துபோனார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் வெறும் வெள்ளைதான். வானம் எல்லாம் சுவர் மாதிரி வெறுமையாக விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையால் நெகட்டிவில் சாயம் பூசி மேகம் வரைந்தார். அப்படி மேகம் போட்ட படங்கள் இப்போதும் இருக்கின்றன. மதுரையில் நம் தம்பி, "வானம் டல்லா இருந்தா கவலையில்ல சார், கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய தொழில், தம்பி!

டிரைப் எடுத்த மகால், நாம் பார்க்கிற மகால் இல்லை. 1636ல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பலதைப் பிரித்துக்கொண்டு போனார் என்பார்கள். மிச்சமும் 1858ல் பாழடைந்து கிடந்தது. நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்தபோதுதான் பழுது பார்த்து நிறுத்தினார். பிறகு நெடுங்காலம் நீதிமன்றங்கள் அங்கே நடந்தன. ஆக, பழுது பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தூண்களும் வளைவுகளும் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டுமானால் டிரைப்பிடம்தான் போக வேண்டும்.

அவ்வளவு செய்தவரை அரசாங்கம் எப்படி நடத்தியது? 1859ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், இருக்கிற நிதி நிலையில் போட்டோ எல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தப் பிரிவையே இழுத்து மூடச் செய்தார். டிரைப் அதற்குப் பிறகு பெரிதாகப் படம் எதுவும் எடுக்கவில்லை. மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, ராயக்கோட்டை என்று அவர் வெளியிட்ட தொகுப்புகளில் திருநெல்வேலி இல்லை. நெல்லையப்பர் கோயிலையும் கிருஷ்ணாபுரம் சிற்பங்களையும் அந்த மனிதர் எடுத்திருந்தால் என்று எனக்கு ஒரு ஏக்கம் உண்டு.

அது அரசாங்கத்துக்காக எடுத்த கல் படம். நாம் போய் நிற்க, நம்மை எடுக்கிற பழக்கமும் ஏறக்குறைய அதே பழசுதான். 1864ல் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு தூதுக்குழு வழியில் எகிப்தில் இறங்கியது. இடுப்பில் வாளோடு சாமுராய்கள் ஸ்பிங்க்ஸ் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் அன்டோனியோ பியட்டோ. தேசத்துக்காக வந்த தூதர்கள்தான், ஆனாலும் ஊருக்குப் போய்க் காட்ட ஒரு படம் வேண்டியிருந்திருக்கிறது! நம் நாட்டில் தாஜ்மகாலில் தொல்லியல் துறை உரிமம் கொடுத்த போட்டோகிராபர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 1992ல் இளவரசி டயானா தனியாக உட்கார்ந்த பளிங்கு பெஞ்சில் எல்லோரையும் உட்கார வைத்து எடுப்பது அவர்கள் பிழைப்பில் ஒரு பகுதி.

நம் பக்கத்து ஆளையும் விடக் கூடாது. பாரதி கடையத்தில் இருந்த காலத்தில், 1919ல், காரைக்குடிக்குப் போனார். அங்கே எடுத்த படம்தான் கையில் கோலோடு நிற்கிற அந்தப் படம். மொத்தமே அவருக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான். காரைக்குடிக்காரர்களுக்கு அன்றைக்குத் தோன்றாமல் போயிருந்தால் அதுவும் இல்லை.

இனி என் கதை.

1979 ஆவணியில் எனக்குக் கல்யாணம். முடிந்து பத்தாம் நாள் இரண்டு பேரும் மதுரை போனோம். தேனிலவு என்ற சொல் எங்கள் தெருவில் கிடையாது. மீனாட்சி அம்மனைக் கும்பிட்டு வர என்றுதான் வீட்டில் சொன்னது. கோயில் முடித்து மகாலுக்குப் போனால், தூணோரம் ஒருவர் கழுத்தில் கேமராவோடு நின்றார். மேலே இருந்து குனிந்து பார்க்கிற சதுரப் பெட்டிக் கேமரா. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். ஊட்டி தொழிற்சாலையில் செய்த இந்து ஃபிலிம் புழக்கத்தில் இருந்த காலம் அது.

"தங்கச்சி, வெட்கப்படாம கொஞ்சம் நிமிந்து பாருங்க" என்றார் அவர். எங்கள் கல்யாணப் படத்தில் அவள் தலை குனிந்திருப்பாள், முகமே தெரியாது. அன்றைக்கு மகாலில் நிமிர்ந்து சிரித்தாள். மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூணுக்குப் பக்கத்தில், இடது ஓரமாக. இரண்டு பிரதிக்கு ஆறு ரூபாய். பணத்தைக் கொடுத்து, அவர் நோட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தபாலில் வரும் என்றார்.

வரவில்லை. ஒரு மாதம் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணாச்சி, மதுரையிலிருந்து ஏதாவது?" என்று தபால்காரரைக் கேட்பாள். கார்த்திகை வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏமாற்றினார் என்று அந்த மனிதரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபிலிமில் வெளிச்சம் பட்டிருக்கலாம். நோட்டில் இருந்தது என் கையெழுத்து, அதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே படிக்க முடியாது என்பார்கள். ஒரு கார்டு போட்டு விசாரித்திருக்கலாம், ஆனால் அவர் விலாசத்தை நான் வாங்கி வைக்கவில்லை. அடுத்த தடவை மதுரை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவளோடு சேர்ந்து அடுத்த தடவை மகாலுக்குப் போகவே இல்லை. 2019ல் அவள் போய்விட்டாள். ரேஷன் கார்டு படம், பேத்தி காதுகுத்தில் எடுத்த கும்பல் படம் என்று இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் சிரித்த முகம் என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு மகாலில் இருந்தோம். தம்பி நல்ல பிள்ளை. வெயில் முற்றத்துக்குள் சாய்வாக இறங்குகிற நேரத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருந்தார். பேத்தி இரண்டு தடவை உடுப்பு மாற்றினாள். மாப்பிள்ளையை நடக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்கச் சொல்லி, நடந்ததையே மறுபடி நடக்கச் சொல்லி ஒரு மணி நேரம் போயிற்று.

நான் என் தூணைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாத் தூணும் ஒன்று போலவே இருக்கின்றன. வர்ணம் வேறு பூசியிருக்கிறார்கள். அன்றைக்குப் படி எந்தப் பக்கம் இருந்தது, வெயில் எங்கே விழுந்தது என்று யோசித்து யோசித்து, ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சரியாக அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"என்னப்பா இங்க தனியா நிக்கீங்க?" என்று மகள் வந்தாள். சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அவளிடம் சொன்னதில்லை.

"அம்மாவும் ஒருநாளும் சொல்லலையே" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா எந்தப் பக்கம் நின்னாங்க?" என்று கேட்டாள். காட்டினேன். போய் அங்கே நின்றுகொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

அவர் எடுத்தார். பேசிய கணக்கில் இது இல்லை, தனியாகப் பணமும் கேட்கவில்லை. "ஐயா, கேமராவைப் பார்க்க வேண்டாம், அவங்களைப் பாருங்க" என்றார்.

உங்கள் பிள்ளைகளும் இப்படி ஏற்பாடு செய்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போய் நில்லுங்கள். ஆனால் சில விஷயங்களை முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் பெரிய கேமரா, முக்காலி, விளக்கு என்றால் தனி அனுமதி, தனிக் கட்டணம் இருக்கும். அதை யார் பார்த்துக்கொள்வது என்று முன்பணம் கொடுக்கும் முன் பேசிவிட வேண்டும். கோயிலுக்குள் படம் என்ற எண்ணமே வேண்டாம். 2022 டிசம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனையே தடை செய்யச் சொல்லிவிட்டது. அப்புறம், எல்லோரும் படத்தை செல்போனுக்குத்தான் அனுப்புகிறார்கள். நாற்பது படம், ஐம்பது படம் என்று வந்து விழும். போன் மாற்றினால் போயிற்று. இரண்டையாவது காகிதத்தில் கேளுங்கள். டிரைப் காகிதத்தில் எடுத்துக் காகிதத்தில் போட்டது லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

போட்டோகிராபரின் விலாசத்தையும் போன் நம்பரையும் நீங்களே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

சாயங்காலம் முக்கூடலில் எடுப்பது நடக்கவில்லை. வரும் வழியில் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க இறங்கி, ஊர் வந்து சேர இருட்டிவிட்டது.

பதினோராம் நாள் கூரியரில் ஒரு பெரிய உறை வந்தது. மகள்தான் அச்சுப்போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். தூண், வெயில், நான், அவள். அவள் அம்மா சாயல் அவளுக்கு அவ்வளவாகக் கிடையாது, என் அம்மா சாயல்தான். ஆனாலும் அந்தப் படத்தில் நிமிர்ந்து சிரிக்கிறாள். பின்பக்கம் பென்சிலால் இடம், தேதி, இரண்டு பேர் பெயர் எழுதினேன். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே "1979 ஆவணி" என்றும், அவள் பெயரையும் எழுதி வைத்தேன். இந்தத் தடவை நிறுத்தி, புரிகிற மாதிரி.