எல்.டிஸ்., ஆர்.டிஸ்., லாக்ரொட்டேட்

சர்வர் கம்ப்யூட்டர் தான் செய்யும் வேலையையெல்லாம் 'லாக்' என்ற கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் டிஸ்க் நிறைந்து மெஷின் படுத்துவிடும். அதைத் தடுக்க லினக்ஸில் 'லாக்ரொட்டேட்' இருக்கிறது. வழக்கமான அமைப்பில் வாரம் ஒருமுறை பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும். பழையவற்றில் 4 மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும்.

கடலூர் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. டாட்டன்ஹாம் முறையில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவோம். எல்.டிஸ். 1 ஆண்டு, கே.டிஸ். 3, டி.டிஸ். 10, ஆர்.டிஸ். நிரந்தரம். ரெக்கார்டு ரூமில் இடம் கிடைத்தது அதனால்தான்.

நாம் முடிவெடுக்காவிட்டால் கறையான் எடுக்கும். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது புற்று மூடியிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். அந்த மன்னர் ராஜராஜன் என்பது மரபு. எண்ணெய் விட்டு எடுத்ததில் மிஞ்சியதே நமக்குக் கிடைத்தது.

லாக்ரொட்டேட்டுக்குக் கோப்பின் வயது தெரியும், மதிப்பு தெரியாது. பணம் கட்டிய விவரம் உள்ள லாகும் 4 வாரத்தில் போய்விட்டால் ஆடிட்டில் என்ன காட்டுவது? எது எல்.டிஸ்., எது ஆர்.டிஸ். என்று அமைக்கிறவர்தான் முதலிலேயே சொல்லவேண்டும்.