களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும்

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதை ஒட்டிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. அதுவரை இரண்டுமே திருவனந்தபுரத்தின் ஆளுகையில் இருந்தவை. இன்று களியக்காவிளை கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு பேரூராட்சி. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஒரு கிராம ஊராட்சி. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் இரு பக்கமும் ஒன்றுதான். தமிழும் மலையாளமும் இரு பக்கமும் கலந்தே ஒலிக்கின்றன. இரு பக்கத்துப் பெண்களும் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து கூடி, சந்தா கட்டி, நோட்டில் வரவு வைத்து, உள்கடன் கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் பாறசாலைப் பெண் தன் கூட்டத்தில் ‘நம் தெருவுக்கு ஓடை வேண்டும்’ என்று சொன்னால், அந்தச் சொல் ஊராட்சியின் திட்டப் புத்தகம் வரை போவதற்கு ஒரு வழி இருக்கிறது. களியக்காவிளைப் பெண்ணின் குழுவுக்கு நாம் போட்டுக் கொடுத்திருக்கும் நல்ல வழி வங்கி வரைதான் போகிறது. இந்த வித்தியாசம் எப்படி வந்தது, அதனால் யார் எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்று பார்ப்பது தமிழ்நாட்டு உள்ளாட்சியைப் பற்றிக் கவலைப்படும் எவருக்கும் பயன்படும்.

காலத்தால் மூத்தது நம்முடையதுதான். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் முதல் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. அந்த அனுபவத்தை வைத்து 1997-98இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. குழுக்களைக் கூட்டியவை தொண்டு நிறுவனங்கள். அவற்றுக்குக் கடன் கொடுத்தவை வங்கிகள். ஊராட்சி மன்றம் இந்தப் படத்தில் ஓரமாக நின்றது.

கேரளத்தில் கதை வேறு திசையில் நடந்தது. 1993இல் ஆலப்புழை நகராட்சியிலும், அடுத்து மலப்புரத்திலும் ஏழைப் பெண்களின் அக்கம்பக்கக் குழுக்களை உள்ளாட்சியோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போகும் என்றானது. பணம் வந்துவிட்டது, அதை எதற்குச் செலவிடுவது என்று சொல்ல ஊரில் ஆள் வேண்டும். அந்த நேரத்தில்தான், 1998 மே 17 அன்று மலப்புரத்தில் பிரதமர் வாஜ்பாய் இத்தகைய பெண்கள் குழுக்களின் மாநில அமைப்பான குடும்பஸ்ரீயைத் தொடங்கி வைத்தார். அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில் அமைந்தது. நம் குழுக்கள் பிறந்தபோது அப்படி நிதியும் அதிகாரமும் கையில் உள்ள ஊராட்சி இங்கே இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 1996இல்தான் நடந்தது.

குடும்பஸ்ரீயின் அமைப்பு மூன்று அடுக்கு. பத்து முதல் இருபது வீடுகளுக்கு ஓர் அயல்கூட்டம். வார்டு அளவில் ஏ.டி.எஸ். (பகுதி வளர்ச்சிச் சங்கம்); ஊராட்சி அல்லது நகராட்சி அளவில் சி.டி.எஸ். (சமூக வளர்ச்சிச் சங்கம்). கீழிருந்து மேல்வரை பொறுப்பாளர்கள் தேர்தலில் வருகிறார்கள். 2008இல் வந்த துணைவிதிகள் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தன. அயல்கூட்டத்தில் தலைவர், செயலாளரோடு வருமானம், உடல்நலம்-கல்வி, அடிப்படை வசதி என மூன்று துறைக்கும் தனித்தனி ஆள் உண்டு. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது இந்த மூன்று பேர்தான். கடனைப் பற்றிப் பேசி முடித்ததும் கூட்டம் கலைந்துவிடாமல், தண்ணீர் வரவில்லை, தடுப்பூசி போடவில்லை என்ற பேச்சுக்கு முறைப்படி ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அயல்கூட்டத்தின் குறுந்திட்டங்கள் வார்டில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, சி.டி.எஸ். வழியாக ஊராட்சியின் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்குள் போகவேண்டும் என்பது ஏற்பாடு.

இதன் பலன் எங்கே தெரிகிறது என்று கேட்டால் நான் வெங்கானூரைக் காட்டுவேன். விழிஞ்ஞத்துக்கு அருகே, சமூகச் சீர்திருத்தவாதி அய்யங்காளி பிறந்த ஊர். 2004இல் இந்த ஊராட்சியில்தான் முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான பள்ளி அது. இப்படிப்பட்ட பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாயால் வேலைக்குப் போக முடிகிறதா என்பதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் முழுதாக இருக்காது. வாரந்தோறும் ஒருவர் வீட்டில் கூடி உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கண்டுபிடிப்பது அவர்கள், கட்டடமும் ஆசிரியர் சம்பளமும் கொடுப்பது ஊராட்சி. இன்று கேரளம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட பட்ஸ் நிலையங்கள் இருக்கின்றன. குழுவிடம் தகவல் இருந்தது, ஊராட்சியிடம் பணம் இருந்தது, இரண்டும் ஒரே கட்டடத்தில் சந்தித்தன. நம் பக்கத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் குழுக்கள் உண்டு. அவற்றுக்கும் கடன் கிடைத்தது. ஆனால் கடன் கொடுப்பவர் பள்ளி கட்டித் தரமாட்டார்.

இதற்கு ஊராட்சியின் அளவும் ஒரு காரணம். கேரளத்தில் 941 கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபதாயிரத்தைத் தாண்டிய மக்கள். வேளாண் அலுவலகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகள். சராசரியாக மூவாயிரம் பேர், ஒரு செயலர். சின்ன ஊராட்சி மக்களுக்கு அருகில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டியபின் குழுப் பெண்களோடு சேர்ந்து புதிதாக ஒன்றைத் தொடங்க அதனிடம் எவ்வளவு மிஞ்சும்?

ஒருமுறை நாம் குழுவையும் ஊராட்சியையும் இணைத்துப் பார்த்தோம். உலக வங்கி உதவியோடு 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம் நடந்த ஊர்தோறும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அமைந்தது. ஏழைக் குடும்பங்களின் பட்டியலைக் கிராம சபை ஒப்புக்கொள்ளவேண்டும். கணக்கைப் பார்க்கத் தனியே சமூகத் தணிக்கைக் குழு இருக்கும். நல்ல ஏற்பாடு. திட்டக் காலம் முடிந்ததும் அதன் உயிரும் குறைந்துவிட்டது. சட்டத்தில் வேர் பிடிக்காதது இப்படித்தான் ஆகும்.

கேரளம் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். ஊராட்சிக்கு இவ்வளவு அருகில் இருக்கும் அமைப்பைக் கட்சிகள் சும்மா விடுமா? சி.டி.எஸ். தேர்தலில் சின்னம் கிடையாது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். காங்கிரஸ் தலைவர் எம்.எம். ஹசன் 2007இல் ஜனஸ்ரீ என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினார். 2012 அக்டோபரில், அரசு நிதி ஜனஸ்ரீக்குத் திருப்பப்படுகிறது என்று சொல்லிக் குடும்பஸ்ரீப் பெண்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் இரவும் பகலுமாக நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். பின்னால் இடதுசாரிகள் இருந்தது உண்மை. ஆனாலும் தங்கள் அமைப்பைக் காப்பாற்றத் தலைநகரில் வெட்டவெளியில் படுத்து உறங்கும் அளவுக்கு உறுப்பினர்களுக்கு அது சொந்தமாகியிருந்தது என்பதும் உண்மை. நம் குழுக்களைக் கலைத்தால் எத்தனை பேர் கோட்டைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள்?

இன்னொரு விலை உழைப்பு. கணக்கெடுப்பா, குடும்பஸ்ரீ. வெள்ளமா, குடும்பஸ்ரீ. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கழிவை வாங்கும் ஹரித கர்ம சேனையிலும் அதே பெண்கள்தான். அவர்கள் அரசு ஊழியர் இல்லை. வீடுகள் மாதந்தோறும் கொடுக்கும் கட்டணமே வருமானம். 2020இல் இருபது ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட, இந்தப் பெண்கள் நடத்திய ஜனகீய ஓட்டல்களுக்கு ஒரு சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் மானியம் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது, விலை முப்பதானது. அதுவரை நிலுவையில் கிடந்த மானியத்துக்காகக் கடன் வாங்கிச் சமைத்த பெண்கள் அலைந்தார்கள். திருவனந்தபுரத்தில் இருந்தபடியே ஆய்வாளர் ஜே. தேவிகா பல ஆண்டுகளாக எழுப்பும் கேள்வி இங்கே பொருந்துகிறது: இந்தப் பெண்கள் குடிமக்களாக நடத்தப்படுகிறார்களா, நலத்திட்டத்தின் கையாட்களாகவா? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் பள்ளிகளில் சமைப்பவர்கள் குழுப் பெண்கள்தான். அந்தக் கேள்வி நமக்கும் உண்டு.

நம் பாதையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய பெண், மேலாளருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது இந்தக் குழுக்களால்தான். கந்துவட்டிக்காரர் பிடி பல ஊர்களில் தளர்ந்தது. ஆனால் குழுவை ஒன்றாகக் கட்டிவைக்கும் கயிறு கடன் மட்டும்தான் என்றால், அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு யாரும் உள்ளே வரலாம். நுண்நிதி நிறுவனங்கள் அப்படித்தான் வந்தன. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் பொறுப்பு என்ற நம்பிக்கையையே அவை பிணையாக்கிக்கொண்டன. வசூலுக்கு வருபவர் கொடுக்கும் தொல்லை தாளாமல் உயிர்கள் போன பிறகு, 2025இல் கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. கூட்டுறவு வங்கிகளில் குழுக்களின் நிலுவை 2,756 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்ததும் இதே அரசுதான். குழுவைப் பற்றி நம் சட்டமன்றம் பேசும்போதெல்லாம் பேச்சு கடனிலேயே சுற்றுகிறது.

கேரளத்தில் கிராம சபை வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும்; அங்கே வந்து உட்காருபவர்களில் பெரும்பங்கு அயல்கூட்டப் பெண்கள். கன்னியாகுமரியின் நிலைமை தனி. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தார். அதாவது பெரும்பாலும் பேரூராட்சிகளில் வாழ்பவர்கள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. பாறசாலைப் பெண்ணுக்கு 1990களிலேயே கிடைத்த சபை, களியக்காவிளைப் பெண்ணுக்குப் பகுதி சபை என்ற பெயரில் 2022இல்தான் விதிகளில் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே உட்கார்ந்திருந்தார். அதன்பின் அது எத்தனை இடத்தில் ஒழுங்காகக் கூடுகிறது என்பதை அவரவர் வார்டில் கேட்டுப் பார்க்கலாம்.

இதே மாவட்டத்தின் மேல்புறம் ஒன்றியத்து ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி அங்குள்ள குழுக்கள் ஆண்டுதோறும் ஊருக்கான வறுமை ஒழிப்புத் திட்டம் எழுதி, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கக் கொடுக்கவேண்டும். காகிதத்தில் இது பாறசாலையின் ஏற்பாட்டுக்குச் சமம். ஆனால் 2016இல் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறவில்லை. 2025 டிசம்பர் 9 அன்று பாறசாலை அடுத்த ஊராட்சிக்கு வாக்களித்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் குழுப் பெண்கள் எழுதிய திட்டத்தை வாங்கிக்கொள்ள, அவர்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் இல்லை. தேர்தலைத் தவறாமல் நடத்துவதும், குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தலைவிக்கு ஊராட்சிக் கூட்டத்திலும் பகுதி சபையிலும் சட்டப்படி ஓர் இருக்கை போடுவதும் சட்டமன்றம் நினைத்தால் முடியக்கூடிய வேலைகள். இரண்டுக்கும் உலக வங்கிக் கடன் தேவையில்லை.