தூரமும் நேரமும்

பெரம்பூர் நிலையத்தின் வழியே மேற்கு நோக்கி விரையும் பம்பாய் வண்டிகளை வடசென்னை மாணவர்கள் பலர் கண்டிருப்பர். இன்று மும்பை எனப்படும் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதை வழி ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். வான்வழி 1,030 கிலோமீட்டர் அளவு. விமானம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கணக்கு எளிதாகத் தோன்றுகிறதல்லவா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அது அவ்வளவு எளிதாக இல்லை.

பம்பாயில் 1853இல் முதல் புகைவண்டி ஓடிற்று. தென்னாட்டின் முதல் பாதை, 1856 ஜூலை 1ஆம் நாள், இராயபுரத்தில் தொடங்கிப் பெரம்பூரைக் கடந்து வாலாஜா ரோடு வரை சென்றது. இரு முனைகளிலிருந்தும் வளர்ந்து வந்த பாதைகள் 1871இல் இராய்ச்சூரில் கைகோத்தன. தண்டவாளங்கள் சேர்ந்தன, கடிகாரங்கள் சேரவில்லை.

காரணம் கதிரவன். பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். பம்பாய், சென்னைக்கு மேற்கே சுமார் ஏழரைப் பாகை தள்ளியிருப்பதால், இங்கு உச்சிப்பொழுதாகும்போது அங்கு மணி பதினொன்றரைதான். ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் வரும் ஞாயிற்றைக் கொண்டே மணி பார்த்தது. சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம் முந்தியது. புறப்பட்ட ஊரின் மணியையும் சேர்ந்த ஊரின் மணியையும் கழித்துப் பார்த்தால், சென்னைக்கு வரும் பயணம் அரைமணி நீளும். திரும்பும் பயணம் அரைமணி சுருங்கும்! ஐரோப்பாவில் இவ்விந்தையை இன்றும் காணலாம். இலண்டனில் பத்து மணிக்கு எழும்பும் விமானம் ஒன்றேகால் மணி நேரம் பறந்தால், பாரிசுக் கடிகாரம் பன்னிரண்டேகால் காட்டும். அங்கிருந்து ஒரு மணிக்குத் திரும்பினால், இலண்டனில் ஒன்றேகால்தான். கால்மணியில் வந்துவிட்டோம் என்று மகிழ்வது பேதைமை.

புகைவண்டிக்கு இக்குழப்பம் ஆகாது. ஒரே தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளை ஒரே கடிகாரம் ஆளாவிட்டால் உயிருக்கே கேடு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாகவும், வான் ஆய்வுக்கூடத்தில் நுட்பமாகக் கணிக்கப்பட்டதாகவும் இருந்த சென்னை நேரமே நாட்டின் இரயில்வே நேரமாயிற்று. தந்தி அதை எங்கும் எடுத்துச் சென்றது. பம்பாய்க்காரர் தம் ஊர் மணியை நம்பி நிலையத்துக்கு வந்தால், வண்டி அரைமணிக்கு முன்பே போயிருக்கும். 1881இல் ஆளுநர் ஃபெர்குசன் சென்னை நேரத்தையே பம்பாய் நகருக்கும் விதித்துப் பார்த்தார். மக்கள் எதிர்த்தனர், ஈராண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. பிறர் கடிகாரத்துக்கு எழுந்திருப்பது எவருக்கும் கசப்புத்தான்.

1906 ஜனவரி 1 முதல் 5½ மணி முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாய் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. 1932இல் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பல்லாரி வழியே சென்னைக்கு வந்தபோதும் அந்நகரம் தன் பழைய நேரத்தை வைத்திருந்தது. 1955 வரை வைத்திருந்தது. அதே ஆண்டில்தான் பெரம்பூரில் ஐ.சி.எப். இரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார்.

இன்று இரு நகரங்களுக்கும் ஒரே மணி. வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் போதும். பழைய சென்னை நேரம் பிறந்த ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை நிலைய வளாகத்தில் நிற்கிறது. 1792ஆம் ஆண்டைக் குறிக்கும் அத்தூணில் தமிழ் எழுத்துகளும் உள்ளன.