ஐந்தில் எத்தனை? கிட்லேப் தரவிழப்பு ஆவணங்கள்: ஒரு மறுவாசிப்பு

2017 ஜனவரி 31 இரவு, நிரல் களஞ்சியத் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் அழிந்ததைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணில்தான் வந்து நிற்கிறார்கள். காப்புக்கு ஐந்து வழிகள் இருந்தன, ஐந்தும் கைவிட்டன என்கிறார்கள். ஐந்தும் போதாமல் போனதென்றால் நகல்களை இன்னும் பெருக்க வேண்டும், இன்னும் தொலைவில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு. அந்த எண்ணே நிற்காது என்பதும், எண் விழுந்தால் அதன்மேல் கட்டிய முடிவும் பெருமளவு விழும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நம்மிடம் இருக்கும் மூலங்கள் இரண்டு. மீட்பு நடந்துகொண்டிருந்தபோதே பொறியாளர்கள் எழுதி, யாரும் படிக்கும்படி திறந்து வைத்த குறிப்பேடு ஒன்று. இதை இரவுக் குறிப்பு என்று அழைக்கிறேன். பிப்ரவரி 10 அன்று நிறுவனம் வெளியிட்ட விரிவான பின்னாய்வு மற்றொன்று. ‘ஐந்து’ என்ற கணக்கு இரவுக் குறிப்பில் பிறந்தது. ‘ஐந்தும் கைவிட்டன’ என்னும் முந்தைய வாசிப்பு பின்னாய்வை இரவுக் குறிப்பின் செம்மையான படியாகவே கொள்கிறது. வரிக்கு வரி ஒப்பிட்டால் பின்னாய்வு பல இடங்களில் இரவுக் குறிப்பைத் திருத்துகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தரவு போன பதற்றத்தில், தூக்கமில்லாமல் எழுதிய பட்டியல் அது. அதைப் பிறர் வகைப்பாடாக எடுத்துக்கொண்டது பட்டியலை எழுதிய பொறியாளர்களின் குற்றமல்ல.

இரவுக் குறிப்பிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து இவை: எல்விஎம் ஸ்னாப்ஷாட், பிஜி-டம்ப் வழியே நாள்தோறும் எடுக்கும் காப்புநகல், அஸூர் வட்டு ஸ்னாப்ஷாட், இரண்டாம் சேவையகத்துக்கான நிகழ்நேரப் பிரதியாக்கம், அமேசான் எஸ்3 சேமிப்பகத்துக்குச் செல்லும் நகல். பின்னாய்வைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம்.

பிஜி-டம்பும் எஸ்3-உம் தனித்தனி வழிகள் அல்ல. பிஜி-டம்ப் உருவாக்கும் கோப்பு போய்ச் சேர வேண்டிய இடம்தான் எஸ்3. கோப்பு உருவாகாததால் சேமிப்பகம் காலியாக இருந்தது. ஒரே பழுதை அதன் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் எண்ணியிருக்கிறார்கள். அஸூர் வட்டு ஸ்னாப்ஷாட் கோப்புச் சேவையகங்களுக்கு மட்டுமே இயக்கப்பட்டிருந்தது, தரவுத்தளச் சேவையகங்களுக்கு இல்லை. இல்லாத ஒன்றைத் தோற்றதாகச் சொல்வது தர்க்கப்படி பொருந்தாது. பிரதியாக்கம் காப்பே அல்ல. முதன்மைச் சேவையகம் விழுந்தால் பணியை ஏற்பதற்கு வைத்தது அது. முதன்மையில் ஒரு அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பையும் அது விசுவாசமாகப் பிரதியெடுக்கும். அன்றிரவு விபத்துக்கே காரணம் நின்றுபோன பிரதியாக்கத்தைச் சரிசெய்யும் முயற்சிதான். இரண்டாம் சேவையகத்தின் தரவுக் கோப்புறையைத் துடைக்க நினைத்த பொறியாளர் கட்டளையை முதன்மைச் சேவையகத்தில் இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது.

மிஞ்சுவது இரண்டே. ஒன்று பிஜி-டம்ப், அது தோற்றது. மற்றொன்று எல்விஎம் ஸ்னாப்ஷாட். அது வேலை செய்தது, தளம் மீண்டதே அதனால்தான். ஆக, ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு இரண்டுக்கு ஒன்று என்று குறுகுகிறது. கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது: ஒன்று ஏன் பிழைத்தது, மற்றொன்று ஏன் பிழைக்கவில்லை?

பிஜி-டம்ப் தோற்ற கதை தொழில்நுட்பத்தில் அற்பமானது, அதனாலேயே கவனத்துக்குரியது. தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பில் ஓடியது. காப்பெடுக்கும் பணி தரவுத்தளச் சேவையகத்தில் அல்லாமல் ஒரு செயலிச் சேவையகத்தில் ஓடியது. அங்கே தரவுக் கோப்புறை இல்லாததால் எந்தப் பதிப்பு என்று கண்டறிய முடியாமல், மென்பொருள் தானாகவே 9.2 பதிப்புக் கருவியைத் தேர்ந்தது. பழைய கருவி புதிய தரவுத்தளத்தைத் தொட மறுத்துப் பிழை காட்டி நின்றது. இது ஒவ்வொரு முறையும் நடந்தது. பிழைச் செய்தி மின்னஞ்சலாகவும் கிளம்பியது. ஆனால் அந்தத் தானியங்கி அஞ்சல்கள் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்புக்கு ஏற்றபடி கையொப்பமிடப்படாததால் பெறும் முனை அவற்றைத் திருப்பிவிட்டது. கருவி கத்திக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை. காப்புநகல் நடைமுறை ஏன் சோதிக்கப்படவில்லை என்று பின்னாய்வு தன்னையே கேட்டுக்கொண்டு, அதற்குப் பொறுப்பாளர் என்று எவரும் இருக்கவில்லை என்று விடை சொல்கிறது. நேர்மையான விடை, ஆனால் பாதி விடை. எல்விஎம் ஸ்னாப்ஷாட்டின் நலத்துக்கும் தனிப் பொறுப்பாளர் இருந்ததாகப் பின்னாய்வில் எங்கும் இல்லையே. அது எப்படி உயிரோடு இருந்தது?

அந்த ஸ்னாப்ஷாட் பேரிடருக்காக எடுக்கப்பட்டதல்ல என்பதே, என் வாசிப்பில், காரணம். முதன்மைத் தரவை ஒத்திகைத் தளத்துக்கு, பொறியாளர்கள் ‘ஸ்டேஜிங்’ என்று சொல்லும் சூழலுக்கு, கொண்டுபோவதற்கு அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட்டது. அன்று மாலை, பல தரவுத்தளச் சேவையகங்களிடையே சுமையைப் பகிரும் ஓர் ஏற்பாட்டைச் சோதிக்க விரும்பிய பொறியாளர் கையாலேயே ஒன்றை எடுத்து ஸ்டேஜிங்கில் ஏற்றினார். விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு. இந்த நகல் பழுதாயிருந்தால் ஸ்டேஜிங்கில் வேலை பார்ப்பவருக்கு மறுநாள் காலையே தெரிந்திருக்கும், முணுமுணுப்பு எழுந்திருக்கும், யாராவது சரிசெய்திருப்பார்கள். பிஜி-டம்ப் கோப்பை நம்பி எவருடைய அன்றாட வேலையும் இருக்கவில்லை. தெருவோரம் தொங்கும் தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. குடத்தில் நீர் இல்லையென்றால் வீடே சொல்லும்.

கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் வெறும் அதிர்ஷ்டம் என்பதுதான் வழக்கமான எதிர்வாதம். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஆறு மணி நேர இடைவெளி அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால் வழக்கமான நாள்முறை ஸ்னாப்ஷாட்டுக்குப் போயிருப்பார்கள், இழப்பு கூடியிருக்கும். ஆனால் அதுவும் ஸ்டேஜிங்குக்காகப் புழக்கத்தில் இருந்த நகலே. எவ்வளவு இழந்தார்கள் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானித்தது. மீட்க முடிந்ததா என்பதை அன்றாடப் புழக்கம் தீர்மானித்தது.

இன்னோர் எதிர்வாதம் கனமானது. வேறு வேலைக்காக எடுத்த நகல் அந்த வேலைக்கேற்ப உருமாறியிருக்கும். ஸ்டேஜிங்குக்குத் தரவு போகும்போது வெப்ஹூக்குகள் நீக்கப்பட்டன. சோதனைத் தளம் வெளியார் சேவையகங்களை அழைத்துத் தொல்லை தரக் கூடாது அல்லவா. அதனால் தரவுத்தளம் மீண்டபின் வெப்ஹூக்குகளைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. புழக்கத்தில் உள்ள நகல் முழுமையான நகலாக இராது என்பதற்கு இது தெளிவான சான்று. என் வாதத்தின் எல்லையும் இதுவே: புழக்கம் தேவையான நிபந்தனை என்கிறேன், போதுமான நிபந்தனை என்று சொல்லவில்லை.

ஒரு மனிதரின் கைப்பிழைக்கு இவ்வளவு ஆய்வா என்போரும் உண்டு. கைப்பிழை எங்கும் நடக்கும். அதில் ஆராய எதுவுமில்லை. நான் ஆராய்வது பிழைக்குப் பின் எது மீட்க உதவியது என்பதை.

ஒற்றை நிகழ்விலிருந்து பொதுவிதி வகுப்பது ஆபத்து. ஆனால் அதே ஆண்டு ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கிய மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் அனுபவம் வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. அங்கே தனித்தனிச் சேவையகங்களுக்கான காப்புநகல்கள் பெரும்பாலும் இருந்தன. பயனர்களை அடையாளம் காணும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு மட்டும் இல்லை. உலகெங்கும் சுமார் 150 இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்திசைந்தவை. எனவே ஒவ்வொன்றும் மற்றதற்குக் காப்பு என்று கருதியிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று எண்ணவில்லை. கானாவில் மின்வெட்டால் இணைப்பற்றுக் கிடந்த ஒன்று தப்பியது, அதை வைத்தே கட்டியெழுப்பினார்கள். நகல்களைப் பெருக்கச் சொல்பவர்கள் அந்த 150-ஐக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். எண்ணிக்கையில் மெர்ஸ்கிடம் குறையில்லை. நிறுவனமே மதிப்பிட்ட இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை.

கானா நேர்வு என் கருத்தை முழுமையாகத் தாங்காது என்பதும் தெரிந்ததே. அந்த இயந்திரம் பிழைத்தது புழக்கத்தால் அல்ல, புழக்கம் அறுந்ததால். ஆனால் நான் பேசுவது நகல் எப்படித் தப்பியது என்பதைப் பற்றி மட்டுமல்ல, நிறுவனம் எதைக் காப்பு என்று நம்பியிருந்தது என்பதைப் பற்றியும். பிரதியாக்கத்தைக் காப்போடு சேர்த்து எண்ணியதில் கிட்லேப் பொறியாளர்களின் பட்டியலும் மெர்ஸ்கின் கட்டமைப்பும் ஒரே பிழையைச் செய்தன. அந்தப் பிழையை அப்படியே தூக்கிவந்து ‘ஐந்து’ என்று அச்சிட்டது ஆய்வுலகம்.

இழப்பின் அளவையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 5000 திட்டங்கள், 5000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் தொடர்பான தரவு அழிந்தது. நிரல் களஞ்சியங்கள் தரவுத்தளத்தில் இல்லாததால் அவற்றுக்குச் சேதமில்லை. ஆனால் தளம் ஏறத்தாழ 18 மணி நேரம் முடங்கியது. ஒரு வணிகத்துக்கு இந்த 18 மணி நேரமும் இழப்புதான், நகல் எண்ணிக்கையைப் பேசும் வாசிப்பு இதைத் தொடுவதே இல்லை. தாமதத்துக்குக் காரணம் நகல் இல்லாமை அல்ல. ஸ்டேஜிங் சேவையகம் மலிவான, மெதுவான வட்டுகளில் இருந்தது. நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாபிட் வேகத்தில்தான் தரவு நகர்ந்தது. நகல் கையில் இருக்கிறது, ஊர் போய்ச் சேரவில்லை.

பின்னாய்வின் இறுதியில் உள்ள திருத்தப் பணிகளை முந்தைய வாசிப்பு மேற்கோள் காட்டும்போது ஒன்றையே எடுக்கிறது: எல்விஎம் ஸ்னாப்ஷாட்டை மணிக்கு ஒருமுறை எடுப்பது. அதே பட்டியலில் காப்புநகலைத் தானியங்கியாக மீட்டுச் சோதிப்பது, தரவு நிலைப்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பது, ஸ்டேஜிங்கைப் புதிய சூழலுக்கு மாற்றுவது ஆகியவையும் இருக்கின்றன. இந்த மூன்றும் நகலைப் பெருக்குபவை அல்ல.