பட்டுத் துணியும் மின்மோட்டரும்

பழுதடைந்த இயந்திரத்திலிருந்து கழற்றியெடுத்த மின்மோட்டரை வீட்டு வேலைக்கு மீண்டும் பயன்படுத்த விரும்புவோர், முதலில் அதன் அச்சைச் சுழற்றிப் பார்ப்பர். செம்புக் கம்பி அறாதிருக்கின்றதா என ஆராய்வர். ஆயின், மோட்டரின் உயிர் இரும்பிலும் செம்பிலும் மட்டும் தங்கியிருப்பதன்று. கம்பியைப் போர்த்தி நிற்கும் மெல்லிய காவலியிலும் அது தங்கியுள்ளது. இவ்வுண்மையை மின்மோட்டரின் வரலாறே எடுத்துரைக்கின்றது.

1825 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான வில்லியம் ஸ்டேர்ஜன், குதிரை இலாட வடிவான இரும்பிற்கு வார்னிஷ் பூசி, அதன்மேல் வெறுஞ் செம்புக் கம்பியைச் சுற்றி மின்காந்தம் அமைத்தார். சுற்றுக்கள் ஒன்றையொன்று தொடலாகாது. ஆதலால் சில சுற்றுக்களே அதில் இடம்பெற்றன. அமெரிக்கரான யோசேப்பு ஹென்றியோ கம்பிக்கே பட்டுப் போர்த்தினார். அதனாற் சுற்றுக்களை நெருக்கமாகவும் அடுக்கடுக்காகவும் அமைக்க முடிந்தது. 1831 இல் அவர் செய்த காந்தம் 2,000 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கியது.

நியூயோர்க் மாநிலத்துக் கிறவுண் பொயின்ற் என்னுமிடத்தில், இரும்புத் தாதைப் பிரித்தெடுப்பதற்கு ஹென்றியின் காந்தங்கள் பயன்பட்டன. வெர்மொண்ட் மாநிலத்துக் கொல்லரான தோமஸ் டெவன்போட் 1833 இல் அங்கிருந்து ஒரு காந்தத்தை விலைக்கு வாங்கினார். வீட்டிற்குக் கொணர்ந்து அதனைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். அவர் பிரிக்கப் பிரிக்க, கம்பி அமைந்திருந்த முறையை மனைவி எமிலி குறித்துக்கொண்டார் என்பர். புதிய காந்தத்தின் கம்பிக்குக் காவலியாகத் தம் திருமண உடையின் பட்டையே அவர் கிழித்துக் கொடுத்தாரென்றும் கூறப்படுகின்றது. காந்தங்கள் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கும் வேளையில் மின்னோட்டத்தின் திசையை மாற்றினாற் சக்கரம் நில்லாது சுழலும். இவ்வுபாயத்தால் 1834 இல் டெவன்போட்டின் சக்கரம் சுழன்றது. 1837 இல் அவருக்குக் காப்புரிமையுங் கிடைத்தது.

எனினும், செல்வம் கிட்டவில்லை. அவருடைய மோட்டருக்கு மின்கலமே ஆதாரம். அதில் நாகம் கரைந்து தீரும். நிலக்கரியினும் அச்செலவு மிகுந்தது. 1851 இல் அவர் வறியவராகவே இறந்தார். 1873 இல், வியன்னாக் கண்காட்சியில், கிராம் என்பாரின் மின்பிறப்பாக்கி ஒன்று மற்றொன்றின் மின்னாற் சுழன்றது. மின்பிறப்பாக்கிகள் பெருகி மின்சாரம் மலிந்த பின்னரே மோட்டர் உலகெங்கும் பரவியது.

பட்டிற்குப் பின் பருத்தி நூலும், இருபதாம் நூற்றாண்டில் எனாமற் பூச்சும் கம்பிக்குப் போர்வையாயின. ஆனால் வெப்பமும் ஈரமும் எக்காவலியையும் காலப்போக்கிற் சிதைக்கும். டெவன்போட்டின் மின்கலம் தந்தது சிறிய அழுத்தமே. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் ஆளைக் கொல்லவல்லது. காவலி சிதைந்த மோட்டர் ஓடவுங்கூடும். ஆயினும் அதன் இரும்புச் சட்டத்தைத் தொடுவோர் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே இணைப்பதற்கு முன்னர், சுருளுக்கும் சட்டத்திற்கும் இடையிலுள்ள காவலித் தடையை உரிய கருவியால் மின்வினைஞர் அளத்தல் வேண்டும். தடை குறைந்திருப்பின் சுருளை நன்கு உலர்த்தி மீண்டும் அளக்கவேண்டும். அதன் பின்னுந் தேறாவிடின் புதிதாகச் சுற்றவேண்டும். சட்டத்திற்குப் புவித்தொடுப்பு இன்றியமையாதது.

பழைய சுருளை அகற்றுமுன் சுற்றுக்களின் எண்ணிக்கை, திசை, கம்பியின் பருமன் ஆகியவற்றை எழுதிவைப்பது இன்றும் தேர்ந்த தொழிலாளரின் வழக்கம். வெர்மொண்ட் கொல்லரின் இல்லத்திற் பின்பற்றப்பட்ட முறையும் அதுவே.