இரும்பு நிலங்கள் – 14: புல்வெளிக்கு வந்த வேல்ஸ்காரர்

கிரீமியப் போரில் ரஷ்யா வாங்கிய அடியும், 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த கதையும் வாசகர்கள் அறிந்தவையே. நேராக, இன்றைய கிழக்கு உக்ரைனிலுள்ள டோன்பாஸுக்குப் போய்விடுவோம். மண்ணுக்கடியில் நிலக்கரி கிடந்தது, அதனால் மேலே ஆலைகள் முளைத்தன என்று பள்ளிக்கூடப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறது. டோன்பாஸின் வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. அங்கே கரி இருப்பது 1720களிலேயே தெரிந்துவிட்டது. 1795-இல் பேரரசி கேத்தரின், கருங்கடல் படைக்குப் பீரங்கி வார்ப்பதற்காக லுகான் ஆற்றங்கரையில் ஓர் ஆலை அமைக்க உத்தரவிட்டார். கட்டியவர் சார்லஸ் கேஸ்கொய்ன், ஸ்காட்லாந்தின் காரன் ஆலையில் தேர்ந்தவர். ஆலை எழுந்தது, நகரமும் எழுந்தது. உள்ளூர்த் தாதைக் கற்கரியால் உருக்கும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. பீரங்கிக்கு வேண்டிய இரும்பு நெடுந்தொலைவிலுள்ள யூரல் மலையிலிருந்து வந்து சேர்ந்தது. காலுக்கடியில் கரியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அந்தப் புல்வெளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது.

அந்த நிலையை மாற்றியவரை அவ்வளவு எளிதில் கடந்துபோக முடியாது. ஜான் ஹியூஸ், தெற்கு வேல்ஸின் மெர்தர் டிட்வில் ஊரில் இரும்பாலைப் பொறியாளரின் மகனாகப் பிறந்தவர். எழுதத் தெரியாது, பெரிய எழுத்துகளில் அச்சிட்டதை மட்டும் தட்டுத்தடுமாறி வாசிப்பார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் லண்டன் மில்வால் ஆலையில் போர்க்கப்பல் கவசத் தகடுகள் செய்வதில் அவருக்கு நிகராக நின்றவர்கள் குறைவு. குரோன்ஷ்டாட் கோட்டைக்குக் கவசம் தேடிய ரஷ்ய அரசின் பார்வை அவர்மேல் விழுந்தது அப்படித்தான். தெற்கில் இரும்பாலை அமைக்க இளவரசர் கொச்சுபேயிடமிருந்த உரிமத்தை விலைக்கு வாங்கி, 1869-இல் ‘புதிய ரஷ்யக் கம்பெனி’யைத் தொடங்கினார். மறு ஆண்டு எட்டுக் கப்பல்களில் கருவிகளையும் ஏறக்குறைய நூறு தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு அசோவ் கடலுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கரையிலிருந்து சாமான்கள் மாட்டுவண்டிகளில் போயின. 1871-இல் மூட்டிய முதல் உலை சில நாட்களிலேயே நின்றுபோனது. வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கப்பலேறியிருப்பார். ஹியூஸ் பழுது பார்த்து 1872 ஜனவரியில் மறுபடி மூட்டினார், இரும்பு ஒழுகியது. கையெழுத்துப் போடவே திணறிய மனிதரின் பெயரால் ஒரு நகரம் உண்டானது: யூசோவ்கா, பின்னாளில் ஸ்டாலினோ, 1961 முதல் டோனெட்ஸ்க்.

கேஸ்கொய்ன் தோற்ற இடத்தில் ஹியூஸ் வென்றது எப்படி? இருவரும் கைதேர்ந்தவர்கள், இருவர் காலடியிலும் அதே கரிப்படுகை. வேறுபாடு வாங்குபவரிடம் இருந்தது. கேஸ்கொய்ன் காலத்தில் அரசு கேட்டது பீரங்கியும் குண்டும். யூரல் இரும்பே அதற்குப் போதும். 1860களில் அரசு கேட்டதோ ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளம். மரக்கரியையும் கட்டாய உழைப்பையும் நம்பி வளர்ந்த யூரல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தண்டவாளத்துக்காகத் தங்கம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனவே ஹியூஸ் செய்யும் ஒவ்வொரு பூடு (பழைய ரஷ்ய எடையளவு) தண்டவாளத்துக்கும் ஊக்கத்தொகை தருவதாகப் பீட்டர்ஸ்பர்க் ஒப்பந்தம் போட்டது. ஒரு தொழிற்பகுதியைப் பிறப்பிப்பது, அதன் பொருளைத் தவிர்க்க முடியாமல் வாங்கப்போகும் ஒரு கை. தாது இரண்டாம் பட்சம் என்பதே என் கட்சி.

கரியே இல்லாத இடத்தில் எந்த ஜார் பணம் கொட்டினாலும் ஆலை எழுமா என்று கேட்கலாம். எழாது. ஆனால் கரி தீர்மானிப்பது இடத்தை. காலத்தைத் தீர்மானிப்பது அதன் கையில் இல்லை. அப்படியிருந்தால் 1795-லேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஹியூஸ் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. வேறொரு அந்நியர் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். பின்னர் பெல்ஜியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வரிசையாக வந்தார்களே! இருந்தும் வெறும் புல்வெளியில் முதல் உலையை மூட்டும் துணிச்சலுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அதை நான் அவருக்கு மறுக்கமாட்டேன். அவருடைய நகரத்துக்கு அதே தாராளத்தைக் காட்ட முடியவில்லை. ஆங்கிலேயக் குடியிருப்பில் ஒழுங்கான வீடுகள். ரஷ்யத் தொழிலாளர்கள் பலருக்கு மண்ணைத் தோண்டிய குழிவீடுகள். ஹியூஸ் 1889-இல் இறந்தார். மூன்றே ஆண்டுகளில் காலரா பரவியபோது அந்த ஊர் கலவரத்தில் எரிந்தது, படை வந்துதான் அடங்கியது. வில்லன் யார் என்று கேட்டால், தண்டவாளத்துக்கு ஊக்கத்தொகை எண்ணிக்கொடுத்துவிட்டு, குடிநீரைப் பற்றிக் கேட்காத பீட்டர்ஸ்பர்க் அலுவலகங்களையே கைகாட்டுவேன்.

இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தது 1884-ஐப் பற்றி. ஹியூஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவருடைய உலைகள் உள்ளூரின் மட்டமான தாதைத் தின்றுகொண்டிருந்தவரை டோன்பாஸ் ஒற்றை ஆலை ஊர்தான். நல்ல தாது மேற்கே, நீப்பர் ஆற்றுக்கு அப்பால், கிரிவோய் ரோக்கில் கிடந்தது. இரண்டையும் இணைக்கும் ரயில்பாதை 1884-இல் திறந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பேரரசின் வார்ப்பிரும்பில் பாதிக்கும் மேல் தெற்கிலிருந்து வந்தது. அந்தப் பாதைக்காக அலெக்சாண்டர் போல் என்ற நிலக்கிழார் தன் சொத்தையெல்லாம் பணயம் வைத்து அலைந்த கதை அடுத்த இதழில்.

(தொடரும்)