நூலட்டையும் வரலாற்றுச் சான்றும்

நூலின் அட்டை உள்ளிருக்கும் தாள்களைக் காக்கும் உறை மாத்திரமே எனக் கருதுவோர் பலர். புரட்சிக்குப் பின் சோவியத் நாட்டில் வெளிவந்த அரசியல் நூல்கள் இக்கருத்து முற்றும் பொருந்தாது என்பதைக் காட்டுவன.

1917 ஆம் ஆண்டுப் புரட்சியால் ஆட்சியேற்றோர், எழுத்தறியாதார் மிகுந்த நாட்டிலே தம் கொள்கையைப் பரப்பவேண்டியோராயினர். எட்டு முதல் ஐம்பது வயது வரையுள்ள எழுத்தறியாதார் யாவரும் கற்றல் வேண்டுமென 1919 டிசெம்பரில் லெனினின் அரசு ஆணையிட்டது. அரசாங்கப் பதிப்பகம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. எழுத்துக் கூட்டிப் படிப்போனையும் நின்று நோக்கச் செய்யும் அட்டை தேவையாயிற்று. ரொட்சென்கோ, லிசிற்ஸ்கி, குளுற்சிஸ் முதலிய ஓவியர் அப்பணியில் ஈடுபட்டனர். செந்நிறமும் கருநிறமும், தடித்த எழுத்தும், சாய்ந்த கோடும், வெட்டி ஒட்டிய புகைப்படமும் அவர்தம் கருவிகள்.

இப்புதுமை நெடிது நிலைக்கவில்லை. 1932இல் கலை இலக்கியக் குழுக்கள் கலைக்கப்பட்டன. திரொட்ஸ்கி முதலியோரின் நூல்கள் நூலகங்களினின்றும் அகற்றப்பட்டன. குளுற்சிஸ் 1938இல் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். ரொட்சென்கோவும் அவர் மனைவி ஸ்தெபானோவாவும் 1934இல் உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டு நிறைவுக்கென ஒரு படத்தொகுப்பு நூலை அமைத்தனர். அதில் இடம்பெற்ற தலைவர் சிலர் பின்னர்த் தண்டனைக்குள்ளாகவே, ரொட்சென்கோ தமது சொந்தப் பிரதியிலேயே அவர் முகங்களைக் கறுப்பு மையால் மறைத்தார்.

அப்பிரதியை உலகறியச் செய்தவர் டேவிட் கிங் என்னும் ஆங்கிலேயர். 1970இல் மொஸ்கோ சென்று திரொட்ஸ்கியின் படங்களைத் தேடிக் காணாமையே அவரைச் சேகரிப்பாளராக்கியது. அவர் திரட்டிய செல்வம் 2016இல் லண்டன் ரேற் காட்சியகத்தைச் சேர்ந்தது. நியூயோர்க் நவீன கலைக் காட்சியகமும் 2001இல் இத்தகைய உருசிய நூல்கள் ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டவற்றை நன்கொடையாகப் பெற்று, மறு ஆண்டு காட்சிக்கு வைத்தது.

சேகரிப்போர் பொதுவாக மாசற்ற பிரதியையே விரும்புவர். வரலாற்று மாணவனுக்கோ மை படிந்த பிரதியே பெரிதும் பயன்படும். மாசற்ற பிரதி ஓர் அரசு மக்களுக்குக் காட்ட விரும்பியதைக் கூறும். மை படிந்த பிரதி அம்மக்கள் அஞ்சியதைக் கூறும். ஆதலின், பழைய நூலைப் புதிதாகக் கட்டும்போது அட்டையைக் களைந்தெறிவதும், கறைபட்ட ஏட்டைக் கழித்துவிடுவதும் சான்றை அழிக்கும் செயல்களேயாம்.